கடைசி ஆட்டத்துக்கு அம்மா கொண்டுவந்த சாப்பாடு

மொன்றியல் தீவின் மேற்கு முனையில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில், ஒரு சிறிய கல்லூரியின் அமெரிக்கன் ஃபுட்போல் அணிக்குப் பதினொரு ஆண்டுகள் உதவிப் பயிற்றுநராக இருந்தேன். பகலில் புவாண்ட்-கிளேரில் ஒரு வேர்ஹவுஸில் வேலை. மாலையில், நூற்றிருபது கிலோ எடையுள்ள பிள்ளைகளிடம் எதிரில் நிற்பவனை எப்படித் தள்ளி விழுத்துவது என்று கத்துவேன். இந்த மகத்தான தொழிலை எங்கள் ஆட்களுக்கு விளங்கப்படுத்தவே இன்னொரு பட்டம் எடுக்க வேண்டும். கல்யாண வீடுகளில் பொறுமையாக எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகு, "அப்ப தம்பி, வேலை என்ன செய்யிறீர்?" என்பார்கள்.

அம்மா அந்தக் கேள்விக்கே இடம் வைப்பதில்லை. எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலில் என்னை வேர்ஹவுஸ் சுப்பர்வைசர் என்று மட்டும்தான் அறிமுகப்படுத்துவார். மைதானத்துக்கு ஒரு நாளும் வந்ததில்லை. ஆளையாள் இடித்து விழுவதைப் பார்க்க என்ன இருக்கிறது என்பது அவருடைய கட்சி. அதில் நியாயம் இல்லாமலும் இல்லை.

பிறகு ஒரு விளையாட்டுப் பருவத்தின் நடுவில் எங்கள் தலைமைப் பயிற்றுநர் ஒரு பெரிய பல்கலைக்கழகத்துக்குத் தாவினார். கல்லூரி என்னைத் தற்காலிகமாக அவருடைய இடத்தில் இருத்தியது. கடைசி ஆட்டத்தை வென்றால் பதவி எனக்கு நிரந்தரம். தோற்றால் வெளியிலிருந்து ஒருவர் தன் ஆட்களோடு வருவார், எனக்கு உதவியாளர் வேலையும் இருக்காது. விளையாட்டுத்துறை இயக்குநர் இதை மிக அன்பாக, கோப்பி வாங்கித் தந்து சொன்னார்.

அந்த வாரம் அம்மா, ஆட்டத்துக்கு முன் பிள்ளைகள் என்ன சாப்பிடுவார்கள் என்று கேட்டார். வெறும் மக்கறோனி, வாழைப்பழம், அதுவும் நாலு மணித்தியாலத்துக்கு முன்பே என்றேன். என் தொழிலைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது. பெருமையில் விளக்கம் வேறு கொடுத்தேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

சனிக்கிழமை, ஆட்டம் தொடங்க ஒன்றரை மணித்தியாலம் இருக்கும்போது ஒரு வான் வந்து நின்றது. அம்மாவும் பங்கின் சமையல் பெண்கள் மூன்று பேரும் இறங்கினார்கள். கோயில் திருநாளுக்குச் சமைக்கும் அதே பெரிய சட்டிகள். மஞ்சள் சோறு, ஆட்டிறைச்சிக் கறி, கத்தரிக்காய்ப் பால்கறி, பாயசம்.

"ஊரார் பெத்த பிள்ளையளை வெறும் மக்கறோனியைக் குடுத்தோ சண்டைக்கு விடுறாய்?" என்று அம்மா கேட்டார்.

திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். மூளையுள்ள எந்தப் பயிற்றுநரும் அதைத்தான் செய்திருப்பார். ஆனால் அம்மா பக்கத்தில் நின்ற பெண்ணிடம், எனக்கும் கேட்கிற மாதிரி, "இவன்தான் இஞ்சை எல்லாருக்கும் பெரியவன்" என்றார். தட்டுகளை எடுங்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னேன்.

இரண்டாம் தடவை சொல்லத் தேவை வரவில்லை. முன்வரிசைத் தடியன்கள் "மெர்சி மடாம்" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லிச் சொல்லி மூன்றாம் முறையும் வந்தார்கள். போதும் என்று சொன்னவர்களை அம்மா விடவில்லை. பருவம் முழுக்க நான் கொடுத்த எந்தக் கட்டளைக்கும் இவ்வளவு ஒழுங்காக அவர்கள் கீழ்ப்படிந்ததில்லை.

முதல் பாதியை எப்படியோ சமாளித்தோம். இரண்டாம் பாதியில் என் தடுப்பு வரிசை, பந்தி முடிந்து கதிரையில் சாய்ந்த மாமாக்களைப் போல, எதிரணி ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றது. ஒருவன் கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். படுதோல்வி.

திங்கட்கிழமை இயக்குநர், அந்தச் சாப்பாடு யாருடைய யோசனை என்று கேட்டார். என்னுடையது என்றேன். பதினொரு ஆண்டுச் சேவைக்கு நன்றி சொல்லிக் கை கொடுத்தார். இந்த முறை கோப்பி இல்லை.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் அம்மா என்னைக் கோயில் வாசலில் ஒரு பக்கமாக இழுத்தார். தோற்ற காரணத்தை அவரும் அந்த மூன்று பெண்களும் ஆராய்ந்து கண்டுபிடித்துவிட்டார்களாம்.

"சோறு போதாமப் போச்சுது, தம்பி. வாற வருசம் இன்னும் ரெண்டு சட்டி கூட வைப்பம். எல்லா ஆட்டத்துக்கும் நான் வாறன். திகதியை மட்டும் முந்திச் சொல்லு."

சொல்கிறேன் என்றேன். வேலை போனதை இன்னும் சொல்லவில்லை.