கம்பளிக்குள் இருந்த ஆள்

எங்கள் கல்லூரி விடுதி அறையில் நாங்கள் நான்கு பேர். ஒருவன் ஊழியத்துக்காக ஒரிசாவுக்குப் போனான். ஒருவன் கென்யாவுக்கு. ஒருவன் சித்தேரி மலைக்கு. நான் பாப்பிரெட்டிப்பட்டிக்குப் போனேன், அரசுப் பள்ளியில் ஆங்கில வாத்தியாராக.

இந்தப் பாகப்பிரிவினை ஒரே ஒரு மாலையில் நடந்தது. கிறிஸ்தவக் கல்லூரிகளில் கடைசி வருடம் அர்ப்பணிப்புக் கூட்டம் என்று ஒன்று வைப்பார்கள். எங்கிருந்தோ வந்த பிரசங்கியார் உருகி உருகிப் பேசிவிட்டு, வாழ்க்கையை ஊழியத்துக்கு ஒப்புக்கொடுக்கிறவர்கள் எழுந்து நிற்கலாம் என்பார். மற்ற மூன்று பேரும் எழுந்தார்கள். நான் எழவில்லை. கொள்கை ஒன்றும் இல்லை, தூங்கிவிட்டேன். முந்தின நாள் இரவல் வாங்கிய ஒரு தடிமனான ரஷ்ய நாவலை விடிய விடிய முடித்திருந்தேன். கண் விழித்தபோது என்னைச் சுற்றிலும் கால்சட்டைகளாக நின்றன. அப்போது எழுந்தால் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவன் மாதிரி இருக்கும் என்று உட்கார்ந்தே இருந்துவிட்டேன்.

பழைய மாணவர் சங்கத்தின் மலரில் எங்கள் செட்டைப் பற்றிப் போடும்போது ஊர்ப் பெயர்களே கம்பீரமாக இருக்கும். கடைசியில் அடைப்புக்குறி இல்லாத குறையாகப் பாப்பிரெட்டிப்பட்டி வரும். அதை நான் தமாஷாக எடுத்துக்கொள்வதாக வெளியே சொல்லிக்கொள்வேன். தமாஷ் எழுதுகிறவன் என்று ஒன்றிரண்டு வாரப் பத்திரிகைகளில் எனக்குப் பெயர் விழுந்திருந்தது, வேறு வழியும் இல்லை.

எண்பதுகளின் ஆரம்பத்தில் ஒரு கோடை விடுமுறையில் சித்தேரி நண்பனைப் பார்க்கப் போனேன். அவன் அங்கே ஒரு சின்ன மருந்தகமும் அதை ஒட்டி ஒரு பள்ளிக்கூடமும் நடத்திக்கொண்டிருந்தான். பஸ் அடிவாரத்தோடு நின்றுவிட்டது. ஏறத் தொடங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. மேலே போகும் வழியில் செம்மண் சரிவு ஒன்றில் நான் போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு எதிர்த்திசையில் வெகு வேகமாகப் பயணம் செய்தேன். நண்பன் வந்து என்னைக் கண்டெடுத்து, பக்கத்தில் இருந்த ஒரு மலை விவசாயியின் வீட்டுக்குக் கூட்டிப் போனான். என் சட்டையும் பேன்ட்டும் அடுப்புக்கு மேலே தொங்கின. மூக்குக்கண்ணாடி சேறாகி ஒரு கிண்ணத் தண்ணீரில் ஊறியது. எனக்கு ஒரு பழைய கம்பளி கொடுத்தார்கள். அதைப் போர்த்திக்கொண்டு வாசலில் குந்தியிருந்தேன்.

தாடியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அந்த விடுமுறையில் நான் தாடி வளர்த்துக்கொண்டிருந்தேன். எழுத்தாளன் என்றால் முகத்தில் ஒரு தீவிரம் வேண்டும் என்ற எண்ணம். எனக்கு அது தீவிரமாக வளரவில்லை, திட்டுத் திட்டாக வளர்ந்தது.

அன்று சித்தேரி நண்பனோடு எங்கள் கல்லூரியின் மூத்த செட் ஆள் ஒருவரும் இருந்தார். மெட்ராஸிலிருந்து கேமராவோடு வந்திருந்தார். அவருக்கு என்னைத் தெரியாது, யாரும் அறிமுகப்படுத்தவும் இல்லை. மலை மக்களைப் பற்றி ஸ்லைடு படங்கள் எடுத்து, வெளிநாட்டில் ஊழியம் செய்கிற நம் மாணவர்களுக்கு அனுப்புவது அவர் திட்டம். அவர்கள் அதை அங்கே சபைகளில் போட்டுக் காட்டுவார்கள். கேமராவைப் பார்த்ததும் வீட்டுக்காரர் உள்ளே போய், பெட்டியில் மடித்து வைத்திருந்த வெள்ளைச் சட்டையைப் போட்டு, கைப் பொத்தானெல்லாம் பூட்டிக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றார். மூத்தவர் கேமராவுக்குள் பார்த்தபடியே, "நீங்க கொஞ்சம் அப்படித் தள்ளிக்குங்க, உங்களை அப்புறம் எடுக்கிறேன்" என்றார். வீட்டுக்காரர் தள்ளிக்கொண்டார். நான் எதையும் கவனிக்கவில்லை. உள்ளே அந்த வீட்டு அம்மா முட்டை பொரித்துக்கொண்டிருந்தார். அது எனக்கு வருமா, இன்னும் எத்தனை பேருக்குப் பங்கு என்பதில் என் கண் இருந்தது. வந்தது. சாமைச் சோறும் முட்டையும் தின்றுவிட்டு, காய்ந்த துணியை மாட்டிக்கொண்டு, நண்பனோடு கிளம்பிவிட்டேன். 'அப்புறம்' எடுத்தாரா என்று தெரியாது. கேட்கவில்லை.

மூன்று வருடம் கழித்துக் கென்யா நண்பன் விடுப்பில் வந்தான். இவன் மாரண்டஹள்ளிக்காரன். அப்பா தக்காளி வியாபாரம். நைரோபிக்கு அப்பால் குளிரான மலைப் பிரதேசத்தில் ஒரு மிஷன் பள்ளியில் வாத்தியாராக இருந்துகொண்டே சபை வேலையும் பார்த்தான். கிறிஸ்துமஸ் முடிந்த வாரம், தர்மபுரியில் இருக்கிற பழைய மாணவர்களெல்லாம் குடும்பத்தோடு சபை ஹாலில் கூடினோம். ஆண்கள் ஒரு பக்கம் நாற்காலி, பெண்கள் ஒரு பக்கம் ஜமக்காளம், எல்லாருக்கும் மிக்சர். சுவரில் வேட்டி கட்டி, ஜன்னல்களை அடைத்து, ஸ்லைடு போட்டான்.

முதலில் அவன் ஊர். தேயிலைச் சரிவுகள், பள்ளிப் பிள்ளைகள், தகரக் கூரை போட்ட கோயில். அவனுக்குப் பேச்சு எப்போதுமே சுமார்தான். ஆனால் அன்று நன்றாகப் பேசினான். அங்கே இருக்கிற சபைக்கு நெடுங்காலமாக வெளியிலிருந்து ஆள் வருவதுதான் வழக்கம், நாமும் யாருக்காவது ஏதாவது செய்ய வேண்டும் என்று அந்தச் சபைப் பெண்களே கேட்டார்களாம். அதற்காக நம் மலைப் படங்களை வரவழைத்துக் காட்டினானாம். படத்தில் இருக்கிற ஒருவரை அவர்களே தேர்ந்தெடுத்து, வெள்ளிக்கிழமைதோறும் அவருக்காக ஜெபிக்கிறார்களாம்.

"அவர் பேர் எனக்குத் தெரியாது. ஆனா எங்க சபைல அவரைத் தெரியாதவங்க கிடையாது" என்று சொல்லி அடுத்த ஸ்லைடைத் தள்ளினான்.

வேட்டி முழுக்க நான் இருந்தேன்.

கம்பளி, திட்டுத் தாடி, கண்ணாடி இல்லாமல் சுருங்கிய கண். அந்தக் கண்ணில் இருக்கிற ஏக்கத்தைப் பாருங்கள் என்றான். பார்த்தேன். முட்டையைப் பற்றிய ஏக்கம் அவ்வளவு பெரிதாக்கிக் காட்டும்போது வேறு மாதிரித்தான் இருக்கிறது. இந்த மனுஷனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, இவருக்கு எழுத்தறிவு கிடைக்க வேண்டும், நல்ல துணி கிடைக்க வேண்டும், மனசுக்கு வெளிச்சம் கிடைக்க வேண்டும் என்று மூன்று வருடமாக வேண்டுதல் நடக்கிறது என்றான்.

எனக்கு முதலில் வந்தது வெட்கம் இல்லை, கோபம். என்னைப் போய் மலைக்காரன் என்று நினைத்துவிட்டார்களே. பி.ஏ. படித்தவனை. வீட்டில் இரண்டு அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருப்பவனை. அந்த இருட்டில் எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தால்தான் உடம்பு கூசுகிறது. அந்தக் கம்பளி யாருடையதோ அவருடைய சோற்றைத் தின்றவன் நான். அவரைப் போல இருக்கிறேன் என்றால் எனக்கு என்ன குறைந்துவிட்டது?

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. மற்றவர்கள் தும்மல் என்று நினைத்திருப்பார்கள். என் மனைவி சிரிப்பை அடக்கினால் அப்படித்தான் வரும். தாடியை அவளுக்குத் தெரிந்திருக்காது. அந்தக் கோடையில் பிரசவத்துக்கு அம்மா வீட்டில் இருந்தாள், திரும்புவதற்குள் நான் மழித்துவிட்டேன். ஆனால் கம்பளிக்குக் கீழே கால் இரண்டும் நன்றாகத் தெரிந்தன. என்னுடையது மாதிரி வெளிப்பக்கம் வளைந்த கால் கட்டைவிரல் ஊரில் இன்னொருவருக்கு இருக்காது.

விளக்கு போட்டார்கள், படம் சுவரில் வெளிறி நின்றது. கென்யா நண்பன் ஒரு பையிலிருந்து நீல நிற ஸ்வெட்டர் ஒன்றை எடுத்தான். சபையில் ஒரு விதவை, அவரே பின்னியதாம். அந்த மனுஷன் குளிரில் உட்கார்ந்திருக்கிறாரே என்று. சித்தேரி நண்பனை மேடைக்குக் கூப்பிட்டு அதைக் கையில் கொடுத்து, இதை அவரிடம் சேர்த்துவிடு, அவர் இப்போது எப்படி இருக்கிறார் என்று எல்லாருக்கும் சொல், பதினைந்து நாளில் நான் திரும்பிப் போகும்போது அவர்கள் முதலில் கேட்கப் போவது அதைத்தான் என்றான்.

சித்தேரி நண்பன் ஸ்வெட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனும் அந்தப் படத்தை அன்றுதான் பார்க்கிறான். அவனுக்குப் பொய் வராது. பரீட்சையில் பக்கத்தில் உட்கார்ந்தவனுக்குக் காட்டக்கூட வராது, அது எனக்கு நன்றாகத் தெரியும். உண்மையைச் சொன்னால் ஒருவன் மானம் போகும், சொல்லாவிட்டால் இன்னொருவன் பொய்யைச் சுமந்துகொண்டு கடல் தாண்டுவான். அவன் என்னைப் பார்த்தான். நானே எழுந்துவிடுவேன் என்று காத்திருந்தான் போலும். நான் மிக்சரில் வேர்க்கடலை தேடினேன்.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து என் மனைவி, சத்தமாகக்கூட இல்லை, வீட்டில் தண்ணீர் வந்துவிட்டது என்று எழுப்புகிற குரலில் சொன்னாள்.

"ஏங்க, எழுந்திருங்க."

எழுந்தேன். கல்லூரியில் எழாமல் விட்டதை வட்டியோடு எழுந்தேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள், பிறகு என் காலைப் பார்த்தார்கள், பிறகு சுவரைப் பார்த்தார்கள். யாரோ முதலில் சிரித்தார். எனக்கு அந்தச் சத்தம் போதும், பழக்கதோஷம். "எழுதப் படிக்கத் தெரியுமுங்க, வேணும்னா எழுதிக் காட்டறேன்" என்றேன். ஹால் அதிர்ந்தது. அவ்வளவு பெரிய சிரிப்பை நான் எந்தப் பத்திரிகையிலும் வாங்கியதில்லை. அது அடங்கும்போதுதான் கென்யா நண்பனைப் பார்த்தேன். அவன் குனிந்து ஸ்லைடு மெஷினின் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தான். சுற்றி முடித்த வயரைப் பிரித்து மறுபடியும் சுற்றினான்.

மறுநாள் காலை அவன் பாப்பிரெட்டிப்பட்டிக்கு வந்தான். கையில் அந்தப் பை. நான் ராத்திரியெல்லாம் யோசித்து ஒரு யோசனை வைத்திருந்தேன், அதை உடனே சொன்னேன். இப்போது இன்னொரு படம் எடு, கையில் புத்தகத்தோடு. மூன்றே வருடத்தில் பி.ஏ. வரைக்கும் படித்துவிட்டார், ஜெபம் கேட்கப்பட்டது என்று காட்டு.

அவன் சிரிக்கவில்லை. "டேய், அவங்க தமாஷ் இல்லடா" என்றான்.

அந்த விதவை வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு ஒரு மலையிறங்கி இன்னொரு மலையேறி வருகிறவராம். நேற்று ஹாலில் நம் ஆட்கள் சிரித்தது என்னைப் பார்த்து அல்ல, அவர் பின்னின ஊசியைப் பார்த்து என்று அவனுக்குப் பட்டதாம். அவன் அப்படிச் சொன்ன பிறகு எனக்கும் அப்படித்தான் பட்டது. உண்மையைத்தான் அங்கே போய்ச் சொல்லப் போகிறேன், ஆனால் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை என்றான். பிறகு திடீரென்று கேட்டான்.

"படத்து ஓரத்துல ஒரு கை தெரியுதே, வெள்ளைச் சட்டை, பொத்தான் போட்டது. அது யாரு? அங்க பொம்பளைங்க எப்பவும் கேப்பாங்க."

வீட்டுக்காரர் என்றேன். பேர் என்ன என்றான். எனக்குத் தெரியவில்லை. அவர் வீட்டில் சாப்பிட்டேன், அவர் கம்பளியைப் போர்த்தினேன், அவரைத் தள்ளி நிற்கச் சொன்னபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். உலக இலக்கியத்தில் ஏழை எளியவர்களைப் பற்றி வந்ததையெல்லாம் படித்துக் கண் கலங்கியவன். கென்யாவில் சிலர் மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிற ஒரு கேள்வியை, இரண்டு அடி தூரத்தில் இருந்த நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

ஸ்வெட்டரை அவருக்கே கொடுத்துவிடு என்றேன்.

"அவருக்கு எதுக்கு? அவர்கிட்ட நல்ல சட்டை இருக்கே" என்று சொல்லி அதை என் மடியில் போட்டான்.

மனைவி போட்டுப் பாருங்கள் என்றாள். போட்டேன். தோளில், கையில், கழுத்தில், எங்கேயும் ஒரு சுருக்கம் இல்லை. எங்கள் ஊர் டெய்லர் பத்து வருடமாக அளவெடுத்தும் எனக்கு இடது தோள் இறக்கம் என்று கண்டுபிடித்ததில்லை. படத்தைப் பார்த்தே அந்த அம்மா கண்டுபிடித்திருந்தார். கழற்றுவதற்குக் கை வரவில்லை. உள்ளே வேர்த்துக்கொண்டிருந்தது, அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

காபி கொண்டு வந்த என் மனைவி அவனிடம் சொன்னாள். "நடந்ததை நடந்த மாதிரியே சொல்லுங்கண்ணா. ஆனா ஜெபத்தை மட்டும் நிறுத்த வேணாம்னு சொல்லிருங்க."

அவன் முதல் தடவையாகச் சிரித்தான். "என்னன்னு ஜெபிக்கச் சொல்லட்டும்மா?"

அவள் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, கேட் வரைக்கும் வாங்க, சொல்றேன் என்றாள். இருவரும் வெளியே நின்று பேசினார்கள். நான் நீல ஸ்வெட்டரோடு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவள் சுருக்கமாகத்தான் ஏதோ சொன்னாள். அவன் தலையாட்டிக்கொண்டே பஸ்ஸுக்கு நடந்தான்.

அடுத்த விடுப்பில் வந்தபோது, உண்மையைச் சொன்னதும் என்ன ஆயிற்று என்று நான்தான் கேட்டேன். சபை நெடுநேரம் சிரித்ததாம். பிறகு அந்த விதவை, அவர் குளிரில் உட்கார்ந்திருந்தது உண்மைதானே என்று கேட்டாராம். உண்மைதான் என்றானாம். அப்புறம் என்ன என்று சொல்லிவிட்டு ஜெபத்தைத் தொடங்கினாராம். அதற்குள் நான் சித்தேரிக்குப் போய், வெள்ளைச் சட்டைக்காரரின் பேரைக் கேட்டு வைத்திருந்தேன். அதை அவனிடம் சொன்னேன், குறித்துக்கொண்டான்.

எனக்காக இப்போது என்ன கேட்கிறார்கள் என்றேன். அது உன் வூட்டம்மா கொடுத்த விஷயம், அவங்களையே கேட்டுக்கோ என்றான். கேட்டேன். அவள் சொல்லவில்லை. எனக்கு எது குறை என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது, எங்கோ ஒரு மலையில் இருக்கிற பெண்களுக்கும் தெரிந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் அவள் பேசாமல் அரிசி களைந்துகொண்டிருந்தால், நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, இன்று யாரிடமாவது ஏதாவது கேட்காமல் விட்டேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். பெரும்பாலும் விட்டிருப்பேன்.