ஆறு சொல் இருந்த தலை

கல்லடிப் பாலத்தில் ஏறும்போது என் கை எரிந்துகொண்டிருந்தது. போட்டிருந்த சேட்டில் காய்ந்திருந்த இரத்தம் என்னுடையதல்ல. அந்தக் கோலத்தில் பஸ் ஏற முடியாது என்று காத்தான்குடியிலிருந்து நடந்தே வந்தேன். அங்கே போன் திருத்தும் கடையில் வேலை. முதலாளி, "பொலிஸ் கேள்வி கேக்க முதல் போ மனே, இனி வராத" என்று அனுப்பிவிட்டார்.

அன்று பின்னேரம் ஆரையம்பதியிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஒருவன் கட்டார் நாட்டில் கட்டிடக் கம்பி கட்டியவன். மற்றவன் அவனுடைய தங்கையின் புருஷன், ஊரில் கூத்தாடுகிறவன். கட்டார்க்காரன் உழைத்ததைக் கிரிப்டோ நாணயமாக்கிப் போனிலுள்ள வாலட்டில் வைத்திருந்தான். தங்கைக்குச் சீதனமாகக் கட்டிய வீடு கூரையில்லாமல் நின்றது. கூரைக்கு அதுதான் காசு. போனோ வாவியில் விழுந்து செத்துப்போயிருந்தது.

புதுப் போனில் வாலட்டைத் திறக்கப் பன்னிரண்டு ஆங்கிலச் சொற்களை வரிசை பிசகாமல் அடிக்கவேண்டும். எல்லாம் ஒரே ஆளிடம் இருந்தால் ஆபத்து என்று கட்டாரில் தொழிலாளர் முகாமில் யாரோ சொல்ல, ஆறைத் தான் வைத்துக்கொண்டு ஆறை மச்சானுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தான். விடிய விடியப் பாட்டுப் படிப்பவனுக்கு ஆறு சொல் பெரிய காரியமா? அவன் எழுதி வைக்கவில்லை. மெட்டுப் போட்டு மனதில் வைத்திருந்தான்.

ஒருவன் அடிக்கும்போது மற்றவன் சுவரைப் பார்த்து நின்றான். என்னையும் திருப்பி விட்டார்கள். மச்சான் முணுமுணுத்துப் பாடியபடி ஒவ்வொன்றாய் அடித்தான். கடைசிச் சொல்லுக்கு முன் தங்கை அந்தப் போனுக்குக் கோல் எடுத்தாள். அடித்ததெல்லாம் அழிந்து, வாலட் முதலாம் சொல்லைத் திரும்பக் கேட்டது. பாதுகாப்பாம்.

"ஓடு வாங்கிட்டியளா எண்டு கேக்கத்தான் எடுத்திருப்பாள்" என்று மச்சான் சிரித்தான்.

மறுபடி அடித்தார்கள். பிழை என்றது. எந்தச் சொல் பிழை என்று சொல்லவில்லை. அடித்தவையெல்லாம் வெறும் புள்ளிகளாகத்தான் தெரிந்தன.

"நீ அடிச்ச ஒண்ட பக்கம்தான் பிழை. கூத்துப் பழக்கிற அண்ணாவியார், இன்னும் களரியில நிக்கிறாரெண்டு நினைப்பு" என்றான் கட்டார்க்காரன்.

"நீதான் வேணுமெண்டு பிழையா அடிச்சாய். புறகு என்ட ஆறையும் வாங்கித் தனியக் காசை எடுக்கலாமெண்டு பாக்காய்."

"அப்ப வாயத் துறந்து சொல்லு, இந்தக் கடைத் தம்பி அடிக்கட்டும்."

"சொன்னாப் பன்னிரண்டும் ஒனக்கு வந்திரும். அதுக்குப் புறகு என்னை மதிப்பியா?"

கட்டார்க்காரன் மேசையில் சூடாகக் கிடந்த ஈயம் பற்றவைக்கும் கோலைத் தூக்கினான். நான் பிடித்தேன், உள்ளங்கை வெந்தது. அதை விட்டவன் இரும்பு ஸ்டூலை எடுத்தான்.

"டேய், அந்த ஆறு சொல்லும் இருக்கிறதே அந்தத் தலைக்குள்ளதான்!" என்று கத்தினேன்.

அடித்துவிட்டான். மச்சான் விழுந்த பிறகும் அடித்தான். நான் மேலே பாய்ந்து ஸ்டூலைப் பறித்தபோது என் சேட் நனைந்தது. பிறகு அவனே கீழே குந்தியிருந்து, மச்சானின் கன்னத்தைத் தட்டி, "ஒண்டையாவது சொல்லுடா" என்று அழுதான். தெருவில் நின்றவர்கள் உள்ளே வந்து, பொலிஸ் வரும்வரை அவனை மிதித்தார்கள். யாரும் தடுக்கவில்லை. நானும் தடுக்கவில்லை.

பாலம் கடந்து வந்து அன்றிரவு பஸ் நிலையத்தில் படுத்தெழும்பி, காலையில் கைக்கு மருந்து கட்ட, மச்சானையும் கொண்டுபோயிருந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். என் சேட்டைப் பார்த்து ஒரு பெண் மறித்தாள்.

"கடையில நிண்ட தம்பியா?"

"ஓம்."

"நான் அடிபட்டவர்ர பொஞ்சாதி. கண்ண முழிச்சி என்னையே ஆரெண்டு கேட்டாரு." அழவில்லை. "ஆம்புளை வாட்டுல என்னை நிக்க விடுறாங்க இல்ல. அண்ணனைப் பொலிஸ் பிடிச்சி வெச்சிருக்கு. இங்கிலீசு எழுத்துத் தெரியுமா?"

"எட்டாம் வகுப்பு மட்டும் படிச்சனான்."

"அவ்வளவு காணும். அவர் அந்தச் சொல்லுல ஏதும் சொன்னா எழுதுங்க. சொல்லாட்டியும் பாத்துக்கொள்ளுங்க. சாப்பாடு நான் கொண்டு வாறன், நாள் கூலியும் தருவன்."

சரி என்றேன். வாட்டில், தலைக்காயக் கட்டைப் பிய்க்காமலிருக்க மச்சானின் கைகளைக் கட்டிலில் கட்டியிருந்தார்கள். என் நல்ல கையால் அவன் கழுத்தைத் தாங்கிக் கரண்டியால் தண்ணீர் பருக்கினேன். பாதி வெளியே வழிந்தது. துடைத்துவிட்டு, அவன் வாயைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.