எழுபது வளைவும் நாலு வீலும்

நாற்பத்தாறு வயசு வரைக்கும் கார் வீலைப் பற்றி எனக்கு ஒரு அபிப்பிராயமும் கிடையாது. ஸ்டியரிங்கைத் தொட்டதே அந்த வயசில்தான். கொல்லிமலையில் இருபது வருஷம் வாடகை ஜீப் ஓட்டியவர் எங்க வீட்டுக்காரர். அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு, வாரத்தில் இரண்டு நாள் நாமக்கல்லுக்குப் போய் டயாலிசிஸ் செய்தாக வேண்டும் என்று ஆனதும் ஜீப்பை விற்றோம். ஒரு மாதம் பஸ்ஸில் போய்ப் பார்த்தோம். ஊசி குத்திய கையோடு எழுபது வளைவும் ஏறி மலைமேல் எங்க ஊரான வாழவந்தி நாட்டில் இறங்கும்போது மனுஷன் பிழிந்து போட்ட துணியாக இருப்பார். அப்புறம்தான் பழைய எலக்ட்ரிக் கார் ஒன்று வாங்கினோம். ஓட்டப் பழகியது நான், பழக்கியது அவர். அந்த மூன்று மாதத்தில் போட்ட சண்டையை இருபத்தைந்து வருஷக் கல்யாணத்தில் நாங்கள் போட்டதில்லை.

திரும்பி வரும்போது முன்சீட்டைச் சாய்த்துப் படுத்துக்கொள்வார். அடிவாரத்தில் ஒன்று என்று தொடங்கும் வளைவுப் பலகை மேலே எழுபதில் முடியும். பதினைந்து வருவதற்குள் தூங்கிவிடுவார். வண்டியில் இஞ்சின் சத்தம் இல்லை, நானும் வாயைத் திறக்க மாட்டேன். வீட்டில் கால் குடைச்சலில் விடிய விடியப் புரள்கிறவருக்கு உருப்படியான தூக்கம் என்று இருந்தது அது ஒன்றுதான். அதற்காகவே நான் மெதுவாக ஓட்டினேன். பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தால் அடித்துக்கொள்ளட்டும்.

ஒரு மழைக்காலத்தில், தண்ணீர் நின்ற குழி ஒன்றில் முன் வீலை இறக்கிவிட்டேன். வண்டியோடு வந்த அலுமினிய அலாய் வீலில் விரிசல். கம்பெனியில் விலை கேட்டோம். அவர்கள் ஒரு வீலுக்குச் சொன்ன பணத்தில் வெளிக்கடையில் நாலு வீல் வாங்கலாம். ஒருத்தர் வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்றார். எழுபது வளைவில் ஒட்டுப் போட்ட வீலோடு அவரைக் கூட்டிப்போக எனக்கு என்ன பைத்தியமா?

நாமக்கல்லில் லாரிக்காரர்கள் போகும் தெருவில் ஒரு வீல் கடை. கடைக்காரர் தன்மையான ஆள். "பேட்டரி வண்டி கனமுங்கக்கா. வெலையப் பாக்கறதுக்கு முன்னால வீலுக்குப் பின்னாடி பாருங்க, எத்தன கிலோ தாங்குமுன்னு பொறிச்சிருக்கும்" என்றார். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். நட்டு ஓட்டை பொருந்துகிறதா, பிரேக்கில் இடிக்குமா என்று கேட்டுக்கொண்டேன். எனக்குப் பிடித்தது கறுப்பு இரும்பு வீல். இருந்ததிலேயே மலிவு, அடிபட்டால் தட்டி நிமிர்த்தலாம், பழைய அளவுதான், தடித்த டயர்.

"பால் வண்டிக்குப் போடறதயா?" என்றார் எங்க வீட்டுக்காரர். அவர் கை வைத்தது வேறொன்றில். ஐந்து கம்பி வைத்த பெரிய அலாய், சாம்பல் நிறம், பட்டையாக ஒட்டின மெல்லிய டயர். அதுவும் எடை தாங்கும், கம்பெனி விலையோடு பார்த்தால் மலிவும்தான்.

"ஏனுங்க, இரும்பே போதாதுங்களா?"

"வண்டி ஓட்டறது நீ. சாவி உங்கையில. வீலாவது நாஞ் சொல்றதா இருக்கட்டும் புள்ள."

அலாயையே போட்டோம்.

பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. ஊர் டீக்கடையில் நாலு பேர் குனிந்து பார்த்தார்கள். "புது வண்டிங்களா?" என்று ஒருத்தர் கேட்டதும் இவருக்கு முகமெல்லாம் பல். ஜீப் ஓட்டின காலத்து முகத்தை அன்றைக்குத்தான் திரும்பப் பார்த்தேன்.

அந்த வாரம் டயாலிசிஸ் முடிந்து ஏறினோம். பதினைந்தாவது வளைவில், "பதினஞ்சு" என்றார். முழிப்புத் தட்டியதாக்கும் என்று நினைத்தேன். "இருவத்திரெண்டு" என்றார். "முப்பத்தொண்ணு" என்றார். தார் பெயர்ந்த ஒவ்வொரு இடமும் அந்த மெல்லிய டயர் வழியாக நேராக சீட்டுக்கு வந்தது. எழுபது வரைக்கும் எண்ணினார். அடுத்த முறையும் எண்ணினார். ஊசி போட்ட கையை மற்ற கையால் பிடித்துக்கொண்டே எண்ணினார். "அலுங்குதுங்களா?" என்று கேட்டால், "ச்சே, அதெல்லாம் ஒண்ணுமில்ல. வீலு ஜம்முனு இருக்குது" என்பார். மூன்று வாரம் அப்படியே போயிற்று. கண்ணுக்குக் கீழே கருத்துவிட்டது.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அவர்மேல் பாதி, என்மேல் பாதி. எடையைப் பார்த்தேன், ஓட்டையைப் பார்த்தேன், பிரேக்கைப் பார்த்தேன். பக்கத்தில் படுத்து வருகிறவரைப் பார்க்காமல் விட்டேனே! ஆனால் நீங்கள் எடுத்த வீல் சரியில்லை என்று எந்த வாயால் சொல்வது? சாவி போய், வருமானம் போய், தண்ணீரைக்கூட அளந்து குடிக்கிற மனுஷன். அவர் சொன்னபடி நடந்தது அந்த வீல் ஒன்றுதான்.

கடைசியில் ஒரு பொய் சொன்னேன். "ஏனுங்க, பெரிய வீலு சார்ஜத் தின்னுதுங்க. ஏறறப்ப வழியில நின்னுடுமோன்னு பயமா இருக்குது. இரும்பு வீலே போட்டுக்கலாங்க."

சண்டைக்கு வருவார் என்று பார்த்தேன். "சார்ஜ் பத்தலைன்னா மாத்தித்தான ஆகோணும்" என்றார். அவ்வளவுதான். கடைக்காரர் அலாயை விலை குறைத்துத்தான் திரும்ப எடுத்துக்கொண்டார். நான் பேரம் பேசவில்லை.

கறுப்பு வீலும் தடித்த டயருமாக ஏறிய அன்றைக்கு வெயில் இருந்தது. வண்டி பால் வண்டி மாதிரியேதான் இருந்தது. நாலு, ஐந்து, ஆறு என்று பலகைகள் போயின. இவர் கண்ணை மூடிப் படுத்திருந்தார். ஒன்பதாவது வளைவைத் திருப்பும்போது பேசினார்.

"ஏம் புள்ள, அந்த வீல்ல ஒருநாளாச்சும் சார்ஜ் மீட்டரு கால்வாசிக்குக் கீழ எறங்குச்சா?"

நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இருவது வருசம் வண்டி ஓட்டுனவனுக்கு மீட்டரு பாக்கத் தெரியாதா? படுத்துட்டேதான் பாத்துட்டு வந்தேன்."

அப்படியானால் ஏன் ஒத்துக்கொண்டீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன். பேச்சுக் கொடுத்தால் அவர் தூங்க மாட்டார். பத்தைத் தாண்டினேன், பதினொன்றைத் தாண்டினேன். பன்னிரண்டில் ஒரு குழி. வண்டி லேசாக அமுங்கி எழுந்தது. திரும்பிப் பார்த்தேன். வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.