நான் வேண்டாமென்ற மலை

போன ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டு பஞ்சாபி அம்மாள் பராத்தா சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். இரண்டு முடித்துவிட்டேன். "காவோ ஜி, அவுர் காவோ" என்று மூன்றாவதைத் தட்டில் போட வந்தார். சாப்பிடுங்கள், இன்னும் சாப்பிடுங்கள் என்கிற உபசாரம்தான். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. பாவம், பராத்தாவில் ஏதோ குறை என்று நினைத்து அவர் முகம் வாடிவிட்டது.

குறை பராத்தாவில் இல்லை. என் வாயில்!

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும் — நான் ஸ்கூட்டர் கற்றுக்கொண்டதே ஐம்பது வயதுக்கு மேல்தான். டெல்லி ஜனக்புரியில் காய்கறிக் கடை, லைப்ரரி, மெட்ரோ ஸ்டேஷன், அவ்வளவுதான். என் ஸ்கூட்டர் பார்த்த அதிகபட்ச உயரம் மேம்பாலம். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு தனியாக வட தாய்லாந்து போகிறேன், வாடகை ஸ்கூட்டரில் மலை ஏறப் போகிறேன் என்று வீட்டில் அறிவித்தேன். வீட்டுக்காரருக்குச் சொந்த ஊர் திருநெல்வேலி. கோபம் வந்தால் நாற்பது வருஷ டெல்லி ஒரே நொடியில் காணாமல் போய்விடும்.

"கோட்டி புடிச்சிருக்கா ஒனக்கு? மேம்பாலத்துலயே ரெண்டு பிரேக்கையும் புடிச்சுக்கிட்டு உருட்டுத ஆளு நீ. மலைக்குப் போறாளாம், மலைக்கு!"

"பாலத்துல பின்னால வாரவன் ஹாரன் அடிச்சே உயிர வாங்குதான். மலையில யாரு அடிக்கப் போறா?"

"பாதியிலயே திரும்பி வருவ, பாரு."

அந்த ஒரு வார்த்தைதான் என்னைக் கிளப்பியது. பாதியில் திரும்புவேனாமே! மறுநாளே சர்வதேச டிரைவிங் பர்மிட்டுக்கு விண்ணப்பித்தேன்.

தாய்லாந்திலும் நம்மைப் போல இடதுபக்கம்தான் ஓட்டுகிறார்கள். அது ஒரு நிம்மதி. வேறு எதுவும் நிம்மதியாக இல்லை. ஒரு வளைவு முடிவதற்குள் அடுத்தது. ஒரு கொண்டை ஊசி வளைவில் பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டேன். வண்டி நின்றது. நின்றால் பரவாயில்லையே... மெல்லப் பின்னால் நகர ஆரம்பித்தது! பிரேக்கை இறுக்கி, இரண்டு காலையும் ஊன்றி, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பிறகு? வண்டியைத் திருப்பிக்கொண்டு ஊர்ந்து ஊர்ந்து கீழே இறங்கினேன். அடிவாரத்தில் ஒரு சின்ன சாப்பாட்டுக் கடை. கொஞ்ச நேரம் உட்காரலாம், பிறகு மறுபடி ஏறலாம் என்று அங்கே ஒதுங்கினேன்.

கடைக்கார அம்மாளுக்கு என் வயதுதான் இருக்கும். அவருக்குத் தாய்மொழி, தாய் மொழி. வேறொன்றும் தெரியாது. அவரிடம் நான் என்ன பேசினேன் தெரியுமா? "தீதி, தோடா பானி!" அக்கா, கொஞ்சம் தண்ணீர்!

டெல்லித் தமிழர்களுக்கு இப்படி ஒரு வியாதி உண்டு. எதிரில் இருப்பவருக்குத் தமிழ் தெரியாதா? அப்படியானால் அவருக்கு இந்தி தெரியும்!

ஜாடையில் புரிந்துகொண்டு தண்ணீர் தந்தார். சோறும் முட்டையும் போட்டார். வயிறு நிறையச் சாப்பிட்டேன். தட்டை எடுக்க வந்தவர், கையை எங்கோ மேலே காட்டி ஏதோ கேட்டார். கடைசிச் சொல் மட்டும் எனக்குப் பளிச்சென்று புரிந்தது.

"...காவ்?"

ஆகா, காவோ! இன்னும் சாப்பிடச் சொல்கிறார். "நஹீ, நஹீ! பஸ்!" வேண்டாம், போதும் என்று வயிற்றைத் தட்டிக் காட்டி, இரண்டு கைகளையும் பலமாக ஆட்டினேன். அவர் விடவில்லை. "காவ்?" என்றார் மறுபடியும். வேண்டவே வேண்டாம் என்று தலையையும் சேர்த்து ஆட்டினேன். அவர் பரிதாபமாக என் தோளைத் தட்டிவிட்டு யாருக்கோ போன் செய்தார். என்ன அன்பு, என்ன அன்பு என்று நெகிழ்ந்துபோனேன்.

கால் மணி நேரத்தில் ஒரு பிக்கப் வண்டி வந்தது. அதிலிருந்து இறங்கியவர் நேராக என் ஸ்கூட்டரைப் பிடித்து வண்டியில் ஏற்றப் பார்த்தார்.

"எங்கே கொண்டுபோறீங்க?" என்று ஆங்கிலத்தில் பதறினேன்.

"டவுனுக்கு" என்றார் அரைகுறை ஆங்கிலத்தில். "மேலே மலைக்குப் போறீங்களான்னு ரெண்டு தடவை கேட்டாங்களாம். வேண்டாம்னுட்டீங்களாம். வயித்து வலியாமே?"

அப்போதுதான் விளங்கியது. அவர்கள் மொழியில் காவ் என்றால் மலை. சோறும் காவ்தான், ராகம் மட்டும் வேறாம். இந்திக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நான் மறுத்தது சாப்பாட்டை இல்லை... மலையை!

உண்மையைச் சொல்கிறேன். ஒரு நிமிடம் சபலம் தட்டியது. பேசாமல் பிக்கப்பில் ஏறிப் போய்விட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால், 'பாதியிலயே திரும்பி வருவ'... எனக்குத் தெரியுமே!

ஸ்கூட்டரின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். மேலே கையைக் காட்டி, தொண்டை கிழியக் கத்தினேன். "காவ்!"

கடைக்கார அம்மாள் திகைத்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். உள்ளே ஓடிப்போய், வாழையிலையில் ஒரு பொட்டலம் சோறு கட்டிவந்து என் பையில் திணித்தார். நான் கேட்டது எந்தக் காவ் என்று அவருக்கும் சந்தேகம் போலிருக்கிறது!

அதே கொண்டை ஊசி வளைவு. பயம் போய்விட்டது என்று புளுகமாட்டேன். ஆனால் இந்தத் தடவை ஆக்ஸிலரேட்டரை விடவில்லை. அதற்கப்புறம் எத்தனை வளைவு என்று எண்ணவும் இல்லை. உச்சியில், மேகத்தைப் பார்த்தபடி பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டேன். அழுகை வந்தது, அழுதேன். போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பினேன். வீட்டுக்காரரிடமிருந்து ஒரே வரியில் வாய்ஸ் மெசேஜ் வந்தது.

"எறங்கும்போது ரெண்டு பிரேக்கையும் புடி."

யோசித்துப் பார்த்தால், வேண்டாம் என்று சொல்ல நமக்குக் கேள்வி புரியவேண்டிய அவசியமே இல்லை. ப்ரமோஷனோடு வந்த சிம்லா டிரான்ஸ்பரை, மேனேஜர் வாக்கியத்தை முடிக்கும் முன்பே வேண்டாம் என்றவள் நான். அதுவும் ஒரு மலைதான்.

மூன்றாவது பராத்தா என்னாயிற்று என்கிறீர்களா? மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டேன். எதற்கு வம்பு... மறுபடியும் எந்த மலை கைவிட்டுப் போகுமோ!