சொட்டுத் தண்ணீர் படாத என் உபவாசம்

அன்பான சகோதரிகளே, வெட்கத்தைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். எனக்கு அறுபத்திரண்டு வயது. சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். இருபத்தைந்து வருஷமாகத் திருப்பூர் வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். தைத்து வரும் துணியில் ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் இருக்கிறதா என்று பார்ப்பேன். அடுத்தவர் தவறு என் கண்ணுக்குத் தப்பாது. என் தவறுதான் தெரியவில்லை.

போன வருஷம் பொங்கல் முடிந்த கையோடு நீர்க்கடுப்பு வந்தது. டாக்டர் கொடுத்த மாத்திரையில் அடங்கியது. பங்குனியில் திரும்பவும் வந்தது. சித்திரையில் மூன்றாவது தடவை. ஐயோ, அந்த எரிச்சலைச் சொல்லி மாளாது. ஆராதனை நடுவில் மூன்று முறை எழுந்து ஓடுவேன். கிட்னிக்குப் போய்விடுமோ என்று பயந்து பின்வரிசையில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன்.

கணவரிடம்கூட முழுசாகச் சொல்லவில்லை. பெண்கள் கூட்டத்தில் ஜெபக்குறிப்பு கேட்டபோது, "சொல்லமுடியாத ஒரு காரியம்" என்று நிறுத்திக்கொண்டேன். என் மகன் குடிக்கிறான் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். பாவம், அவன் டீகூடக் குடிக்க மாட்டான்.

சென்னையில் இருக்கும் மகள் மட்டும் போனில் என் வாயைக் கிளறித் தெரிந்துகொண்டாள். கிரான்பெரி மாத்திரை ஒரு டப்பா அனுப்பினாள். குளிர் தேசத்தில் விளைகிற புளிப்பான சிவப்புப் பழமாம். டப்பாவின் மேல் கை வைத்து ஜெபித்து, தினமும் ஒன்றை ஒரே மடக்குத் தண்ணீரில் விழுங்கினேன். அதோடு ஒரு பொருத்தனையும் செய்தேன். ஏழு வெள்ளிக்கிழமை, விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை தொண்டையில் சொட்டுத் தண்ணீர் படாத உபவாசம். "ஆண்டவரே, யாருக்கும் தெரியாமல் என்னைச் சுகமாக்கும்" என்று முழங்காலில் நின்றேன்.

மற்ற நாட்களில் மட்டும் என்ன குடித்தேன்? பாத்ரூமுக்கு எழுந்து போனால் மேசையில் துணி குவிந்துவிடும். சூப்பர்வைசர் முகம் கோணும். அதனால் சாப்பாட்டு மணி வரை பாட்டிலைத் திறக்கவே மாட்டோம். வருஷக்கணக்கான பழக்கம். அது தவறு என்றே தோன்றவில்லை.

ஐந்தாவது வெள்ளி. வைகாசி வெக்கையில் எனக்கு மட்டும் குளிர் தூக்கிப்போட்டது. கையிலிருந்த துணி நழுவியது. எதிர்மேசை சரஸ்வதி ஓடி வந்தாள். இந்த ஊர்ப் பெண். என்னைவிடப் பத்து வயது சின்னவள், வாய் மட்டும் என்னைவிடப் பெரிசு.

"ஏனுங்க்கா, உடம்பு நெருப்பாட்டம் கொதிக்குது! என்னங்க பண்ணுது?"

"ஒண்ணுமில்லட்டி, சும்மா கெட."

"சும்மா கெடக்கறதுக்கா பொறந்தேன்? எந்திரிங்க மொதல்ல!"

ஸ்கூட்டியில் பின்னால் உட்காரவைத்து, நான் விழாமல் இருக்கத் தன் துப்பட்டாவால் என்னைத் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். அவள் முதுகில் முகம் வைத்து வழியெல்லாம் ஜெபித்தேன்.

தண்ணீர் எவ்வளவு குடிப்பீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார். "குடிப்பேன்மா" என்று முனகினேன்.

"பொய்யிங்க டாக்டரம்மா! கொண்டார பாட்டில்ல முக்காவாசி அப்படியே ஊட்டுக்குத் திரும்பிப் போகுதுங்க. வெள்ளிக்கிழமைன்னா அதும் இல்லீங்க" என்று போட்டு உடைத்தாள் சரசு. எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது.

தொற்று கிட்னியை எட்டிப் பார்த்திருந்தது. ஆஸ்பத்திரியிலேயே படுக்கவைத்து மருந்து ஏற்றினார்கள். என் பையிலிருந்த கிரான்பெரி டப்பாவை டாக்டரம்மா திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது சில பேருக்குத் திரும்ப வராம இருக்க உதவலாம்மா. வந்த தொற்றை இது தீர்க்காது, அதுக்குக் குடுக்கிற மருந்தை முழுசா முடிக்கணும். நல்லாத் தண்ணி குடிக்கணும், யூரினை அடக்கக் கூடாது."

அன்று சாயங்காலம் சரசு கட்டிலருகே உட்கார்ந்து இளநீரை நீட்டினாள். "நானும் சஷ்டி விரதம் இருக்கறவதானுங்க்கா. தண்ணி குடிக்காதேன்னு உங்க சாமி வந்து சொன்னாருங்களா?"

இளநீரைக் கையில் வாங்கிக்கொண்டு அழுதுவிட்டேன். யாருக்கும் தெரியாமல் சுகமாக்கும் என்று கேட்டேன். அவரோ ஊருக்கே கேட்கப் பேசுகிற சரசுவை அனுப்பினார். அப்பா, உமக்கு ஸ்தோத்திரம்!

மருந்தை ஒழுங்காக முடித்தேன். டாக்டரிடம் கேட்டுவிட்டு அந்தப் பழ மாத்திரையையும் தொடர்கிறேன். தினமும் பத்து மணிக்குச் சரசு மேசையைத் தட்டுவாள். இரண்டு பேரும் குடிப்போம், இரண்டு பேரும் எழுந்து போவோம். முதலில் முறைத்த சூப்பர்வைசர் இப்போது எங்கள் வரிசையே எழுந்து போவதைப் பார்த்துப் பழகிவிட்டார். வெள்ளிக்கிழமை உபவாசம் இன்றும் உண்டு, தண்ணீரோடு. கர்த்தருடைய கிருபையால் அந்த வேதனை இதுவரை திரும்பவில்லை.

போன மாதப் பெண்கள் கூட்டத்தில் எழுந்து நின்று எல்லாவற்றையும் வெளிப்படையாகச் சொன்னேன். கூட்டம் முடிந்து பாய் சுருட்டும்போது ஒரு சகோதரி என் முந்தானையை இழுத்தாள். "அக்கா, எனக்கும் அதேதான்." அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் நின்றார்கள்.

சகோதரிகளே, கர்த்தரை நம்பிக் கேளுங்கள். கேட்டுவிட்டு, பக்கத்தில் இருப்பவளிடமும் வாயைத் திறந்து சொல்லுங்கள். உங்களுக்கான பதிலை அவர் எப்போதோ எதிர்மேசையில் உட்காரவைத்திருப்பார்.