தேத்தண்ணியில் தோய்த்த கழுத்துப்பட்டி

குளிர்காலத்தில், வீடு இருக்கிற ஒரேத்தோவிலிருந்து வேலைக்குப் பஸ்ஸில் வந்து இறங்கும்போது அபிதாவின் விரல்கள் விறைத்துப்போயிருக்கும். அந்தக் கையோடு ஊசி பிடிக்க ஏலாது. ஒருநாள் அவளுடைய தையல் மேசையில் ஒரு துண்டுத் துணி நாலாக மடித்துக் கிடந்தது. தொட்டால் நல்ல சூடு. யாரோ மறந்துபோய் வைத்ததாக்கும் என்று நினைத்து, அதற்குள் கையை விட்டுக்கொண்டு நின்றாள். மூன்றாம் நாளும் அது அங்கே சூடாகக் கிடந்தபோதுதான் அவளுக்கு விளங்கியது. செல்வராசா அண்ணை மறுபக்கம் திரும்பி நின்று யாருடையதோ காற்சட்டையை இஸ்திரிப்பெட்டியால் மினுக்கிக்கொண்டிருந்தார். அதைப்பற்றி அவரும் கதைத்ததில்லை, அவளும் கேட்டதில்லை.

வுச்சீரியாச் சந்தைக்குப் பின்னால் ஒடுங்கின சந்தொன்றில், நாடகத்துக்கும் படத்துக்கும் உடுப்புத் தைத்துக் கொடுக்கிற கடை அது. செல்வராசா காரைநகர்க்காரர். இருபத்தாறு வருடமாக அங்கே உடுப்பு மினுக்கினார். மனைவி காலமாகிவிட்டார், ஒரே மகள் ஜெர்மனியில். அந்தக் கடையில் ஒருவரும் கதிரையில் இருந்து வேலை செய்வதில்லை. நாள்முழுக்க நின்று நின்று அவருடைய இரண்டு காலிலும் நரம்பு கயிறு மாதிரிப் புடைத்திருந்தது. வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போனால், "மினுக்கியர் வாறார், வழி விடுங்கோ" என்று சனம் பகிடி பண்ணும். அவருடைய சட்டைதான் அங்கே ஆகக் கசங்கின சட்டையாக இருக்கும். வீட்டிலும் அந்தப் பெட்டியைத் தொட மனம் வராது என்று சொல்லுவார்.

அந்த வருடம் ஒரு பெரிய வேலை வந்தது. அமெரிக்காவின் முதற்காலப் பேசாப் படங்களைப் போல ஒருவர் கறுப்புவெள்ளையில் படம் எடுக்கிறாராம். அதற்குப் பன்னிரண்டு பணக்காரப் பிள்ளைகளின் உடுப்பு வேண்டும். வெல்வெட் அரைக்காற்சட்டை, மாலுமிச் சட்டை, இடுப்பில் அகலப் பட்டி கட்டின வெள்ளைப் பாவாடைச் சட்டை, எல்லாவற்றுக்கும் மேலே தோள்வரை விரிகிற லேஸ் கழுத்துப்பட்டி. கடைக்கார அம்மா, எல்லாரும் சின்யோரா என்று கூப்பிடுகிறவர், அந்தக் காலத்துப் படங்களைக் கம்பியூட்டரில் ஓடவிட்டு, மடிப்பையும் பொத்தானையும் பார்த்துப் பார்த்து வெட்டினார். ஒரு படத்தில் பணக்காரப் பொடியன் ஒருவன் புல்லில் உருண்டு எழும்பினான். சட்டையில் ஒரு கீறு ஊத்தை இல்லை. செல்வராசா பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் பார்த்தார்.

"உந்தப் பிள்ளைக்குப் பின்னாலை ஒருத்தன் பெட்டியோடை நிக்கிறான், தங்கச்சி. அவனைத்தான் காட்டமாட்டினம்."

அபிதாவுக்குச் சிரிக்க மனமிருக்கவில்லை. அவளுடைய பெர்மெஸ்ஸோ, அதுதான் இந்த நாட்டில் தங்கியிருக்கிறதுக்கான அனுமதி, பங்குனியோடு முடிகிறது. வேலை ஒப்பந்தம் இல்லாமல் அதைப் புதுப்பிக்க ஏலாது. இந்த வேலையைச் சரியாகக் கொடுத்து முடித்தால் ஒப்பந்தம் எழுதலாம் என்று சின்யோரா சொல்லியிருந்தார். அவள் முருகனுக்கு நேர்த்தி வைத்துவிட்டுப் பொத்தான் தைத்தாள்.

வெள்ளிக்கிழமை செல்வராசா காலைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். சின்யோராவும் கடற்கரைப் பக்கம் ஸ்ஃபெர்ராகவால்லோவில் இருக்கிற தங்கை வீட்டுக்குப் போய்விட்டார், திங்கள்தான் வருவார். கழுத்துப்பட்டிகள் வைத்திருந்த பெட்டியைத் திறந்த அபிதா திடுக்கிட்டாள். பன்னிரண்டு கழுத்துப்பட்டியும் பழுப்பேறிக் கிடந்தன. பணக்காரப் பிள்ளைகளுக்கு இதையா போடுவது? தமிழ்க் கடையில் வாங்கிவைத்த நீலம் கைப்பையில் இருந்தது. பள்ளிக்கூடத்து வெள்ளைச் சட்டைக்கு அம்மா செய்த மாதிரியே நன்றாகத் தோய்த்து, நீலம் போட்டு, கஞ்சி போட்டு உலர்த்தினாள். கொக்குமாதிரி வெளுத்தது. ஒரு நல்ல காரியம் செய்தோம் என்ற நிறைவோடு வீட்டுக்குப் போனாள்.

சனிக்கிழமை காலை கொடியில் தொங்கியதைக் கண்ட செல்வராசா முக்காலியில் இருந்துவிட்டார். வேலை நேரத்தில் அவர் இருந்ததை அவள் அன்றைக்குத்தான் கண்டாள். அது ஊத்தை இல்லையாம். அவரும் சின்யோராவும் சேர்ந்து தேத்தண்ணியில் தோய்த்த நிறமாம். அசல் வெள்ளைக்கு விளக்கு அடித்தால் படத்தில் அது கண்ணைக் கூசவைக்கும், பிள்ளையின் முகம் தெரியாதாம்.

"வெள்ளையைக் கொஞ்சம் ஊத்தையாக்கினால்தான் படத்திலை வெள்ளையாத் தெரியும். உனக்கு நான் சொல்லியிருக்கவேணும்."

"என்ரை பெர்மெஸ்ஸோ போச்சுது, அண்ணை."

"போகாது. கேத்தலை வை."

முதலில் வினாகிரித் தண்ணீரில் ஊறவைத்து நீலத்தைக் கழற்றினார்கள். பிறகு கடையில் இருந்த இலங்கைத் தேயிலையில் சாயம் இறக்கி ஒரு துண்டுத் துணியைத் தோய்த்தார்கள். அது செங்கட்டி நிறத்தில் வந்து நின்றது. எங்கடை தேயிலை பொல்லாதது, பிள்ளையளை வேலைக்காரராக்கிப் போடும் என்றார் செல்வராசா. அபிதா ஓடிப்போய் சுப்பர்மார்க்கெட்டில் விற்கிற, பேருக்குத் தேயிலையான அந்தச் சின்னப் பைகளை வாங்கிவந்தாள். அது சரிவந்தது. ஒவ்வொன்றாகத் தோய்த்து, பிழிந்து, ஈரம் காயமுதல் அவர் மினுக்கினார். ஞாயிறும் அதிலேயே போனது. கோயிலில் அன்று அபிஷேகம். இரண்டு பேரும் போகவில்லை. கடவுள் இந்த வேலையையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார். பின்னேரம் செல்வராசாவால் சப்பாத்தைக் கழற்ற முடியவில்லை. கால் அவ்வளவு வீங்கியிருந்தது.

திங்கள் காலை அபிதா தானே வாய்திறந்து நடந்ததைச் சொன்னாள். செல்வராசா தடுக்கவில்லை. சின்யோரா ஒவ்வொரு பட்டியையும் விளக்குக்குக் கீழே பிடித்து, போனில் கறுப்புவெள்ளையாக்கிப் பார்த்தார். ஒன்று மட்டும் ஒரு சொட்டு இருண்டிருந்தது. அதைப் பின்வரிசையில் நிற்கிற பிள்ளைக்குப் போடச் சொல்லிவிட்டு, களைத்த முகத்தோடு அடுத்த வேலைக்குப் போனார். மறுகிழமை ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தார்.

சித்திரையில் செல்வராசா வேலையை விட்டார். இனி நிற்கக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். மகளிடம் புறப்பட்ட அன்று, விமான நிலையப் பஸ் நிற்கிற இடத்துக்கு அபிதா போனாள். புதுப் பெர்மெஸ்ஸோ அட்டை அதற்கு முதல்நாள்தான் கைக்கு வந்திருந்தது. அதை அவரிடம் காட்டினாள். அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டு, எத்தனை வருடத்துக்கு என்று பார்த்தார். பிறகு அவளுடைய காலைப் பார்த்தார். கணுக்காலடியில் நரம்பு இலேசாக நீலம் பூத்திருந்தது.

பஸ் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு சொன்னார்: "அட்டை இரண்டு வருசத்துக்குக் கிடக்கு. கால் அப்பிடிக் கிடக்காது, தங்கச்சி. கதிரையை இழுத்துப்போட்டு இருந்து வேலை செய். ஆரும் கேட்டால், செல்வராசா சொன்னவர் எண்டு சொல்லு."