ஸ்கூட்டர் கிடைக்காத சீசன்

அத்தாவுக்கு விருதுநகரில் மிளகாய் வத்தல் வியாபாரம். விலை பார்த்துச் சரக்கை எப்போது குடோனில் பூட்ட வேண்டும், எப்போது திறக்க வேண்டும் என்பதில் ஊரில் அவருக்கு ஒரு பெயர் உண்டு. அந்த மனிதருக்கு ஒரு ஸ்கூட்டர் கிடைக்காமல் இருந்ததுதான் எங்கள் வீட்டில் அந்த வருஷத்துப் பேச்சு.

ஸ்கூட்டர் அவர் மகளான எனக்காக. சிவகாசியில் லேபிள் அச்சடிக்கும் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறேன். தீபாவளி சீசனில் பஸ்ஸில் நிற்பதே பெரும்பாடு. ஒரு நாள் செருப்பில் ஒன்றைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். அதைப் பார்த்த பிறகுதான் அத்தா சரி என்றார்.

நாங்கள் சரி சொன்ன நேரத்தில் ஊரே சரி சொல்லியிருந்தது. வண்டிக்கு வரியைக் குறைத்திருந்தார்கள். நாரணாபுரம், விஸ்வநத்தம் பக்கம் பட்டாசுக் கம்பெனிகளில் போனஸ் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஷோரூமில் வண்டியை விட நாற்காலி அதிகம், நாற்காலியை விட ஆள் அதிகம். மேனேஜர் சிரித்த முகமாகத்தான் சொன்னார், இப்போது புக் செய்தால் பொங்கலுக்கு முன்னால் தர முயற்சி செய்கிறோம் என்று. நிறத்தைப் பற்றி மட்டும் கேட்க வேண்டாம் என்றார்.

அத்தா தன் தொழில் வித்தையைக் காட்டினார். வேண்டாம் என்று சொல்லி எழுந்தார். சந்தையில் அவர் இப்படி எழுந்தால் வாசலைத் தாண்டுவதற்குள் கூப்பிட்டுவிடுவார்கள். அன்றும் மெதுவாக நடந்தார். வாசலில் செருப்பை மாட்ட அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதை நான் பார்த்ததே இல்லை. யாரும் கூப்பிடவில்லை. திரும்பிப் பார்த்தால் அவர் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அத்தாவுக்கு வைத்த டீ அது. நான்தான் உள்ளே போய் புக் செய்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அத்தா தீர்ப்புச் சொன்னார். "அம்புட்டு வண்டியும் எங்கனயோ பூட்டி வச்சிருக்காங்க. வத்தலை நான் பூட்டலையா?"

அதில் அவருக்குக் கோபம் இல்லை. ஒரு மரியாதைதான் தெரிந்தது. தன்னைப் போல ஒரு வியாபாரி, அவ்வளவுதான். குடோன் எங்கே என்று கண்டுபிடிப்பது தன் வேலை என்றார்.

கண்டுபிடித்தும் விட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் பழைய மொபெட்டில் என்னையும் ஏற்றிக்கொண்டு பைபாஸுக்கு அந்தப் பக்கம் இருந்த ஷோரூம் குடோனுக்குப் போனார். அங்கே இருந்த வாட்ச்மேனிடம், வத்தல் போட இடம் தேடுகிறோம், இதை வாடகைக்கு விடுவார்களா என்று விசாரித்தார். பொழுது போகாமல் இருந்த வாட்ச்மேன் சந்தோஷமாகக் கதவைத் திறந்து காட்டினார். உள்ளே ஹெல்மெட் அட்டைப்பெட்டிகள் கொஞ்சம் இருந்தன. ஒரு பூனை படுத்திருந்தது. மற்றபடி இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை வெறும் தரை.

அத்தா உள்ளே போய் நடுவில் நின்று சுற்றிப் பார்த்தார். ஈரம் ஏறுமா என்று சுவரைத் தட்டியும் பார்த்தார், பழக்கதோஷம். திரும்பி வந்து வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுத்தான் சொன்னார்.

"நெசமாவே இல்லம்மா."

யாரோ ஏமாற்றிவிட்டது போல இருந்தது அவர் குரல். பூட்டி வைத்திருந்தால் திறக்க வழி தெரியும். இல்லாத சரக்கை என்ன செய்வது?

அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நாங்கள் விட்டுவிட்டோம். அப்படி இருக்கையில் ஒரு மாசக் கடைசியில் மேனேஜரே அத்தாவுக்குப் போன் செய்தார். லோடில் ஒரு வண்டி கூடுதலாக வந்திருக்கிறது, மாசக் கணக்கை முடிக்க அன்றைக்கே பில் போட வேண்டும். ஆனால் அன்று அஷ்டமி. எங்களுக்கு முன்னால் புக் செய்தவர்கள் ஒருவரும் பணம் கட்ட வர மாட்டோம் என்கிறார்கள்.

"பாய், உங்களுக்கு அஷ்டமி நவமி கிடையாதுல்ல? உடனே வாங்களேன்" என்றார்.

நான் அதற்குள் பையை எடுத்துத் தோளில் மாட்டிவிட்டேன். அத்தா நாற்காலியை விட்டு அசையவில்லை. விற்கிறவன் தானாகக் கூப்பிட்டால் சரக்கில் ஏதோ இருக்கிறது என்பது அவர் கணக்கு. யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவரோ டீ கேட்டார், குடித்தார், பேப்பரைப் பிரித்தார். மறுபடி போன் அடித்தது. இரண்டாவது ஹெல்மெட்டும் சீட் கவரும் சும்மா தருவதாக மேனேஜர் சொன்னார். அப்போதுதான் அத்தா எழுந்து சட்டையை மாட்டினார். பல வாரங்களுக்குப் பிறகு அவர் முகத்தில் பழைய களை வந்திருந்தது.

பில் போட்டு, நம்பர் வந்து, வண்டியை எடுக்கப் போன நாள் நல்ல முகூர்த்தம். ஷோரூமில் நிற்க இடமில்லை. எல்லோரும் காத்திருக்கிறவர்கள்தான். கையில் பெரிய அட்டைச் சாவியைக் கொடுத்து எங்களைப் போட்டோ எடுத்தபோது கைதட்டியவர்கள் ஊழியர்கள் மட்டுமே. மற்றவர்கள் பார்த்த பார்வையில் நான் வண்டியைத் தள்ளிக்கொண்டே வெளியே ஓடிவிடலாமா என்று நினைத்தேன். மனைவியோடு வந்திருந்த ஒருவர் அத்தாவின் அருகில் வந்து, எப்ப புக் பண்ணீக என்று தாழ்ந்த குரலில் கேட்டார். அத்தா சொன்னார். கேட்டவர் முகம் மாறியது. தாங்கள் அதற்கும் முன்னால் புக் செய்தவர்கள் என்றார். அன்று போன் வந்ததாம். அஷ்டமி என்று விட்டுவிட்டார்களாம். அந்த அம்மா கணவரைப் பார்த்த பார்வைக்கு அர்த்தம் கேட்கவே தேவையில்லை.

"நான்தேன் போலாம்னேன், கேட்டீகளா?" என்றார் அவரிடம்.

அத்தா மெல்ல நகர்ந்து வந்து என் பின்னால் ஏறிக்கொண்டார். வீட்டுக்கு நேர்வழியில் போகவிடவில்லை, சந்தைத் தெரு வழியாகப் போகச் சொன்னார். மூட்டை இறக்குகிற லாரிகளுக்கு நடுவே நான் ஊர்ந்து போக, கடைக்குக் கடை விசாரித்தார்கள், இந்த நேரத்தில் எப்படிக் கிடைத்தது என்று.

"அவுகளே கூப்பிட்டுக் கொடுத்தாக" என்றார் அத்தா, ஒவ்வொரு கடைக்கும் அதே நிதானத்தோடு.